ஆமென் சொன்னால் வலிக்கும் ஊர்

எல்கானாபுரத்துக் கோயிலில் வியாதியஸ்தருக்கான ஜெபம் முடிந்து சனங்கள் ஆமென் சொன்ன ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதை மனசாரச் சொன்னவர்களின் விலாவுக்கெல்லாம் எப்சிபாயின் வலி போய்ச் சேர்ந்தது. எல்லாருக்கும் இல்லை, வாய் சொல்ல மனசு அடுப்பில் கிடந்த கறிக்குழம்பை நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பெண்கள் பக்கத்தில் நாலைந்து பேரும், ஆண்கள் பக்கத்தில் இரண்டு மூன்று பேரும், பாடகர் குழுவில் ஓரமாக நின்ற ஒரு பிள்ளையும் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அமுக்கிக்கொண்டு அப்படியே மடங்கினார்கள். அடுத்த பாட்டுக்கு எழுந்து நிற்க அவர்களால் முடியவில்லை. கடைசி பெஞ்சில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்த எப்சிபாயோ, பல மாசத்துக்குப் பிறகு முதுகை நிமிர்த்தி, பாட்டுப் புத்தகத்தைத் தானே எடுத்துப் பிரித்து, அந்தப் பாட்டின் நாலு கவியும் பாடினாள்.

அவளுக்கு ஈரலில் கட்டி. டவுன் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, மறுபடி ஏற்றினார்கள், பிறகு ஒரு நாள் டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவள் புருஷன் ஞானசிகாமணியோடு மட்டும் கதவைச் சாத்திப் பேசினார். கதவைச் சாத்திப் பேசினால் என்ன பேச்சென்று தெரியாத அளவுக்கு எப்சிபாய் ஒன்றும் பச்சைப்பிள்ளை இல்லை. அன்றைக்கே அவள் தெரிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்போது வலி ஊருக்குப் பங்கு போன பிறகு மறுபடி அதே டாக்டரிடம் போனார்கள். படம் எடுத்துப் பார்த்துவிட்டு அவர், கட்டி அப்படியேதான் இருக்கிறது, கொஞ்சம் வளர்ந்துகூட இருக்கிறது, வலி எப்படிக் குறைந்தது என்று கேட்டார். "ஊர்ல பங்கு வச்சுக்கிட்டாங்க சார்," என்றார் சிகாமணி. டாக்டர் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஆக, கர்த்தர் வலியைத்தான் நகர்த்தினார், நோயைத் தொடவில்லை. ஏன் அப்படி என்று கிறிஸ்டோபர் ஐயரிடம் கேட்டார்கள். அந்தப் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வார்கள், சாதியில் சொல்கிற ஐயர் வேறு. அவர் நல்ல மனுஷன், தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படாதவர், அன்றைக்கும் தெரியாது என்றே சொன்னார். ஆனால் அடுத்த ஞாயிறு ஒருத்தர் பாரத்தை மற்றவர் சுமப்பதைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கம் பண்ணினார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், அன்றைக்கு ஆமென் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது, முன்பைவிட இரண்டு மடங்கு பேர் மடங்கி விழுந்தார்கள். எப்சிபாய் அந்த வாரம் தானே தண்ணீர் இறைத்துத் துணி துவைத்தாள்.

சந்தோஷம் எத்தனை நாளைக்கு? ஊர்க்காரர்கள் கெட்டவர்கள் இல்லை, நம்மைப் போல இருந்தார்கள். முருங்கைக்காய் பறிப்பு வந்தது, இந்த நேரத்தில் விலாவைப் பிடித்துக்கொண்டு படுத்தால் காய் முற்றிப்போகுமே என்று ஒருத்தன் ஆமெனை உதட்டுக்குள்ளேயே விழுங்கினான். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஒருத்தி அந்த நேரம் பார்த்து இருமினாள். வியாதியஸ்தர் பேரை ஐயர் வாசிக்கத் தொடங்கியதும் கைக்குழந்தைகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் வெளிக்குப் போக வந்தது, தாய்மார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நெஞ்சிழுப்பில் கிடந்த பழைய உபதேசியாருக்காகவும் பேர் வாசித்து ஜெபித்துப் பார்த்தார்கள், அவர் இழுப்பு யாருக்கும் போகவில்லை. உடனே உபதேசியார் வீட்டார், அதென்ன எப்சிபாய்க்கு மட்டும் தனிச் சலுகை, அவள் என்ன நேர்ச்சை, பொருத்தனை பண்ணினாள், யாரிடம் பண்ணினாள், ஆண்டவரிடம்தானா என்று டீக்கடை வரைக்கும் பேச்சைக் கொண்டுவந்து விட்டார்கள்.

அதைவிடப் பெரிய வம்பு ஒன்று நடந்தது. மடங்காதவர்களை ஊர் ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தது. வருஷக்கணக்காக முன்வரிசையில் உட்கார்ந்து, கண்ணை இறுக்கி மூடி, கையை விரித்து ஜெபம் பண்ணுகிறவர்களுக்கு ஒரு சுளுக்குகூட வரவில்லையே, அப்படியானால் இத்தனை நாளும் இவர்கள் கண்ணை மூடிக்கொண்டு என்னதான் பண்ணினார்கள்? இந்தக் கேள்வி வந்த மறு வாரமே மடங்குகிறவர்கள் எண்ணிக்கை திடீரென்று கூடிப்போனது. சபைக் கமிட்டிச் செயலாளர் அருமைராஜ் ஐயோ அப்பா என்று கூப்பாடு போட்டுக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தார், நாலு பேர் தாங்கிப் பிடித்தார்கள், அவர் பிடித்துக்கொண்டிருந்தது இடது விலா. பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அடுத்த வாரம் அவர் ஞாபகமாக வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஊர் பூராவும் வலி இருந்ததாகக் கேள்வி, ஆனால் எப்சிபாய்க்கு வலி திரும்பி வந்துகொண்டிருந்தது. அவளுக்கா தெரியாது கணக்கு? இத்தனை பேர் சுமந்தால் தனக்கு ஏன் இப்படிக் குடைகிறது என்று யோசித்தாள். அன்றைக்குப் பிடித்தது அவளைச் சந்தேகம், நோயைவிட வேகமாக அது வளர்ந்தது.

சோதனையை அவளாகத் தேடிப் போகவில்லை, தானே வந்தது. பக்கத்து வீட்டு லில்லிபுஷ்பம் ஒரு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். இரண்டு வீட்டுக்கும் சாக்கடைத் தண்ணீர் எந்தப் பக்கம் போவது என்பதில் சண்டை, முகம் பார்த்துப் பேசி ஆண்டுக் கணக்காகிறது. சாகப்போகிறவளை வேடிக்கை பார்க்க வந்திருக்கிறாள் என்றே எப்சிபாய் நினைத்தாள். இருந்தாலும் படி ஏறி வந்தவளுக்குத் தண்ணீரும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுப்பது அந்த ஊர் வழக்கம், சண்டைக்காரிக்கும் அதுதான். லில்லிபுஷ்பம் கருப்பட்டியை வாயில் போட்டாள், போட்ட வேகத்தில் முற்றத்தில் துப்பினாள்.

"என்னளா கருப்பட்டி இது? துருப்பிடிச்ச ஆணியச் சப்புன மாதிரி இருக்கு!"

எப்சிபாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இரும்பு ருசி அவளுடையது. வலி தொடங்கிய நாளிலிருந்து எதை வாயில் வைத்தாலும் அதுதான், வலி பங்கு போன வாரங்களிலும் அது முழுசாகப் போகவில்லை, கருப்பட்டி எப்படி இனிக்கும் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. அதை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை, ஐயரிடம் சொல்லவில்லை, புருஷனிடமும் சொல்லவில்லை. வலி எந்தப் பக்கம் என்று ஊருக்கெல்லாம் தெரியும், இது ஒருத்தருக்கும் தெரியாது.

"நீ எனக்காக ஜெபம் பண்ணுனியா?" என்று கேட்டாள்.

"பின்னே? சண்டைன்னா சண்டைதான். அதுக்காக நீ சாவணும்னா நெனைப்பேன்? தண்ணி அந்தப் பக்கந்தான் போவும், அதுல மாத்தமில்ல," என்று சொல்லிவிட்டு லில்லிபுஷ்பம் விலாவைப் பிடித்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு எப்சிபாயைப் பார்க்க வந்தவர்கள் யாரும் கருப்பட்டி தின்னாமல் திரும்பவில்லை. அருமைராஜ் வந்தார், விலாவைத் தடவிக்கொண்டே உன் பாடு எவ்வளவு என்று எனக்கல்லவா தெரியும் என்றார், சப்புக்கொட்டிக்கொண்டு இரண்டு துண்டு தின்றார், உடன்குடிக் கருப்பட்டியா என்று விசாரித்தார். பெண்கள் சங்கத்தில் அவளுக்காக உபவாசம் இருந்ததாகச் சொன்னவர்களில் பாதிப்பேர் நன்றாக மென்று தின்றார்கள். யார் என்றே அவளுக்குச் சரியாகத் தெரியாத, பஸ் நிறுத்தத்துப் பூக்கடைக்காரி வாயில் வைத்ததும் முகம் சுளித்துத் துப்பினாள். கிறிஸ்டோபர் ஐயர் துப்பவில்லை, ஆனால் கண்ணில் தண்ணீர் வர விழுங்கினார். எப்சிபாய் எல்லாவற்றையும் பார்த்தாள், மனசுக்குள் ஊரை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டாள்.

பிரித்து வைத்ததில் ஒரே ஒரு ஆள் எந்தப் பக்கம் என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. அது ஞானசிகாமணி.

சிகாமணி கடை வைத்து, எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார், ஆனால் கோயிலில் அவர் சொல்கிற ஆமெனுக்குத் தூணில் இருக்கிற புறா பறக்கும், அவ்வளவு கனத்த சாரீரம். அந்த ஆமெனை ஒவ்வொரு ஞாயிறும் அவர் சொன்னார், ஒரு ஞாயிறும் மடங்கவில்லை. சொல்லிவிட்டு நேரே வந்து, எப்சிபாயைக் கையைப் பிடித்து எழுப்பி, வண்டியில் உட்காரவைத்து, வீட்டுக்குக் கூட்டிப் போய்க் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். அவள் கக்கியதை அள்ளினார், துணியை அலசினார், இரவில் அவள் அசைந்தால் எழுந்தார். எல்லாம் சரி. ஆனால் சாயங்காலம் கருப்பட்டிக் காப்பி போட்டுக்கொடுத்தால் நாக்கைச் சப்பிக் குடித்தார். அவள் வேண்டுமென்றே ஒரு நாள் கருப்பட்டியை அள்ளிப் போட்டுக் கொடுத்தாள்.

"நல்லாருக்குட்டி, இன்னும் ஒரு வாய் இருக்கா?" என்றார் பாவி மனுஷன்.

அன்றைக்கு அவளுக்கு ஈரல் வலி பெரிதாகத் தெரியவில்லை. சண்டைக்காரி துப்புகிறாள், பூக்கடைக்காரி துப்புகிறாள், கட்டிய புருஷன் இன்னொரு வாய் கேட்கிறான். அப்படியானால் இவர் தன் உயிருக்காக ஆண்டவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? சீக்கிரம் போனால் சரி என்று இருக்கிறாரா? கடையில் கூடுதல் நேரம் இருக்கிறாரே, அங்கே யார் வருகிறார்கள்? அவருடைய அக்காள் போன மாசம் வந்து குசுகுசுவென்று பேசிவிட்டுப் போனாளே, அது என்ன பேச்சு? எப்சிபாய் அவர் சட்டையை எடுத்து மோந்து பார்த்தாள். மோட்டார் வார்னிஷ் வாசம்தான் வந்தது, அதிலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தான் சாகப்போவது அவளுக்குத் தெரியும், அதை ஒரு மாதிரி ஏற்றுக்கொண்டுவிட்டாள், ஆனால் இந்த ஒன்று தெரியாமல் கண்ணை மூடமாட்டேன் என்று ஒரு வைராக்கியம் அவளுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஒரு நாள் காலையில் அவர் முற்றத்தில் அவளுடைய படுக்கை விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இங்கேருங்க. எனக்காக நீங்க ஜெபம் பண்ணுதியளா இல்லியா?"

"பண்ணாம? ஆமென் சொல்லுதேனே, கேக்கலியா ஒனக்கு?"

"சத்தம் கேக்கு. நான் கேட்டது அதயில்ல."

சிகாமணி விரிப்பைப் பிழிந்துகொண்டே இருந்தார், தண்ணீர் எல்லாம் வடிந்த பிறகும் பிழிந்தார்.

"பண்ணல," என்றார்.

எப்சிபாய் நிலையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இதைத்தானே சந்தேகப்பட்டாள், இருந்தாலும் காதில் கேட்கிறது வேறு மாதிரி இருந்தது.

"எட்வினுக்குப் பண்ணுனேன்," என்றார் அவர், விரிப்பைப் பார்த்துக்கொண்டே. எட்வின் அவர்களுடைய பிள்ளை, ஒரே பிள்ளை, மூன்றாம் வகுப்பு படிக்கும்போது மூளைக்காய்ச்சலில் போனவன். "ராவும் பகலும் பண்ணுனேன். அவன விட்டுரும், அந்தக் காச்சல என் தலையில போடும்னு முட்டி தேயக் கேட்டேன். போட்டாரா? எனக்கு ஒரு தலைவலி வந்துச்சா? இப்ப யாரு யாருக்கோ குடுக்காரு. எவளோ பூக்கடைக்காரிக்குக் குடுக்காரு. இதுக்கு வழி இருந்துச்சில்ல? அப்பமும் இருந்துச்சில்ல? அன்னைக்குக் கேட்டுக் குடுக்காதவர்ட்ட இன்னைக்கு நான் போயி கையேந்தணுமா? முடியாதுட்டி. கோயிலுக்கு வாரது ஒனக்காவ. ஆமென் சொல்லுதது ஊருக்காவ. நான் அவர்ட்டப் பேசி எத்தனையோ வருசமாச்சி."

விரிப்பைக் கொடியில் போட்டுவிட்டு அவர் கடைக்குப் போய்விட்டார்.

எப்சிபாய்க்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் காய்ச்சிய கஞ்சியை இரண்டு நாள் தொடவில்லை. வேறொரு பெண்பிள்ளை இருந்திருந்தால்கூட மனுஷ புத்தி என்று விட்டிருப்பாள், ஆண்டவரோடு வீம்பு பண்ணிக்கொண்டு அதில் பெண்டாட்டியைப் பணயம் வைக்கிறவனை என்ன சொல்ல? ஆனால் படுத்துக் கிடந்தவளுக்கு வேண்டாத நினைப்பும் வந்தது. எட்வினை அடக்கம் பண்ணிய மறு ஞாயிறு அவள் கோயிலில் எழுந்து நின்று, கொடுத்தவர் எடுத்துக்கொண்டார், அவருக்கு ஸ்தோத்திரம் என்று சாட்சி சொன்னாள். எல்லாரும் அழுதார்கள், எவ்வளவு விசுவாசம் என்று மெச்சினார்கள். அன்றைக்கு அவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் அவருக்கு எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டாளா? அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. சங்கத்தில் ஊரில் உள்ளவர்களுடைய மூட்டுவலிக்கும் சர்க்கரைக்குமெல்லாம் பேர் சொல்லி ஜெபித்தவள், வீட்டுக்குள் இருந்தவர் பேரை ஒரு நாளும் சொல்லவில்லை. ஊரையெல்லாம் கருப்பட்டி கொடுத்துச் சோதித்தாயே, உன்னை யார் சோதிக்கிறது என்று அவளையே அவள் கேட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை லில்லிபுஷ்பத்தைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஐயர் வீட்டுக்குப் போனாள்.

"ஐயா, நாளைக்கு வியாதியஸ்தர்ல எங்க வீட்டு அவிய பேரையும் வாசிக்கணும்."

"சிகாமணி அண்ணாச்சிக்கா? அவங்களுக்கு என்னம்மா? நேத்துகூட மோட்டாரத் தூக்கித் தோள்ல வச்சிட்டுப் போனாங்களே. என்ன வியாதின்னு சொல்ல?"

"வியாதி பேரு எனக்கே இன்னும் சரியாத் தெரியல. ஆள் பேர மட்டும் வாசிங்க."

வாசித்தார். எப்சிபாய் என்ற பேருக்குப் பிறகு ஞானசிகாமணி என்ற பேர் வந்ததும் பெஞ்சுக்குப் பெஞ்சு தலை திரும்பியது. குடியாக இருக்குமோ என்றது ஒரு பக்கம், சர்க்கரையாக இருக்கும் என்றது இன்னொரு பக்கம், அவள் நோய் அவருக்கும் ஒட்டிக்கொண்டதோ என்றது மூன்றாவது பக்கம். நோயே இல்லாத மனுஷனுக்கு யார் மனசாரச் சொல்லப்போகிறார்கள்? அதோடு ஊருக்கு வரவர ஆமென் என்றாலே பயம். அன்றைக்குக் கேட்ட ஆமென் வீட்டில் பிள்ளை தூங்கும்போது பேசுகிற குரலில் இருந்தது.

கடைசி பெஞ்சில் எப்சிபாய் மட்டும் வாயைத் திறந்து சொன்னாள்.

சொன்ன உடனே அவள் தொண்டையில் ஒன்று வந்து அடைத்தது. விலா வலி அவளுக்குப் பழக்கம், இது அது இல்லை. ஒரு கல் போல உருண்டையாக, அசையாமல், ரொம்பப் பழசாக இருந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை. மூச்சு அதைச் சுற்றிக்கொண்டு போய் வந்தது. இதைத் தாண்டித்தானா இந்த மனுஷன் இத்தனை வருஷமும் சோறு விழுங்கினார், காப்பி குடித்தார், நல்லாருக்குட்டி என்று சொன்னார்? அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. எட்வின் போன அன்றைக்கு ஊர் மெச்ச அடக்கி வைத்த அழுகையும் அதோடு சேர்ந்து வந்தது.

ஆண்கள் பக்கத்தில் சிகாமணி இன்னும் வாயைத் திறந்தபடி நின்றார். வழக்கமான சத்தம் போட வாயைத் திறந்தவர்தான், திறந்த வாயில் சத்தம் வரவில்லை. கையைக் கொண்டுபோய்த் தொண்டையைத் தடவிப் பார்த்தார், எதையோ தொலைத்தவர் மாதிரி மறுபடி தடவினார். ஐயர் அடுத்த ஜெபத்தைத் தொடங்கவில்லை. புறாவெல்லாம் தூணிலேயே இருந்தது. கோயில் முழுக்கக் காத்திருக்க, புறாவுக்குக்கூடக் கேட்காத சின்னக் குரலில், எல்லாருக்கும் கடைசியாக, அவர் ஆமென் என்றார்.

சொல்லிவிட்டு வலது விலாவைப் பிடித்துக்கொண்டு மடங்கி, பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் முழங்காலில் விழுந்தார்.

"பேரு வாசிச்சதும் நடிப்பு வந்துட்டு பாரு," என்று அருமைராஜ் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது நாலு பெஞ்சுக்குக் கேட்டது.

எப்சிபாய்க்கும் அந்தச் சந்தேகம் வந்தது, பொய் சொல்வானேன்? இரண்டு நாள் கஞ்சி தொடாதவளைச் சமாதானப்படுத்த நடிக்கிறாரோ என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். எழுந்தாள். எந்தத் தலையணையும் எந்தத் துணையும் இல்லாமல் எழுந்தாள். அந்தக் கோயிலில் பெண்கள் ஆண்கள் பக்கத்துக்குக் கடந்து போகிற வழக்கம் இல்லை, அவள் நடுவில் விரித்திருந்த பாயைத் தாண்டி நேரே போனாள். சேலை முந்தியில் முடிந்து வைத்திருந்த கருப்பட்டித் துண்டை அவிழ்த்தாள், பல்லால் இரண்டாக உடைத்தாள், ஒரு பாதியை அவர் வாயில் வைத்தாள்.

அவர் முகம் கோணியது. தொண்டை ஏறி இறங்கியது. துப்பவில்லை.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"ஆணி மாதிரி," என்றார் சிகாமணி, மூச்சு வாங்க. "ஏட்டி... இத்தன நாளும் இதயா தின்னுட்டிருந்த?"

எப்சிபாய் கையில் இருந்த மற்றப் பாதியைத் தன் வாயில் போட்டாள். அவருடைய கல் தொண்டையில் அப்படியே இருந்தது, அதைத் தாண்டி விழுங்க வேண்டியிருந்தது. ஆனால் கருப்பட்டி இனித்தது.